அறுபதாம் நம்பர் ஃபார்ம்

சத்யாவுக்கும் நந்தினிக்கும் எழுதுவது.

அடுத்த வாரத்திலிருந்து காலேஜ் பிள்ளைகள் யாராவது எனக்குப் போன் செய்தால் உங்கள் நம்பரைக் கொடுத்துவிடுவேன். ஆறு வருடம் இந்த வேலையைப் பார்த்துவிட்டேன். இருபத்தைந்து வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரிக்கலாம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். அங்கே துணியைப் பார்த்தால் போதும். யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் வேலைக்குப் பெயர் கிடையாது. கோயமுத்தூரில் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருடம் ஒரு ஆராய்ச்சி செய்து புத்தகமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு எங்காவது ஒரு ஊருக்குள் போய் அறுபது பேரிடமோ நூறு பேரிடமோ கேள்வி கேட்க வேண்டும். அவர்களுக்கு ஊரைத் தெரியாது, ஊருக்கு அவர்களைத் தெரியாது. நடுவில் நாம். எந்த வீட்டில் எந்நேரம் ஆள் இருக்கும், எங்கே நாய் கடிக்கும், எந்த மாமியார் முன்னால் மருமகளிடம் எதையும் கேட்கக் கூடாது, இதெல்லாம் நமக்குத் தெரியும். அவர்கள் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் பாதி ஃபார்மை நாம்தான் கேட்டு எழுதுகிறோம்.

எப்படிப் பேச வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பதெல்லாம் ரெண்டு நாளில் உங்களுக்கே வந்துவிடும். அதைச் சொல்ல இதை எழுதவில்லை. இந்த ஆறு வருடத்தில் நான் கேட்காமலே எழுதிய ஃபார்ம் ஒன்று இருக்கிறது. என் அப்பாவின் ஃபார்ம். அப்பா இப்போது இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து ஆட்கள் மரியாதைக்காரர்கள். ஆராய்ச்சியைக் கெடுப்பது அந்த மரியாதைதான்.

மதுக்கரையில் ஒரு பையன் சுற்றுச்சூழல் படிப்புக்காக மொட்டை மாடிகளில் கண்ணாடித் தகடு வைத்தான். ஒரு வாரத்தில் எவ்வளவு தூசி படிகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்துப் போனால் ஒரு வீட்டுத் தகடு மட்டும் கண்ணாடிக் கடையில் இருப்பதுபோல் பளபளவென்று இருந்தது. அந்த வீட்டம்மா சொன்னார்: "ஏனுங் தம்பி, நீங்க வந்து பாக்கறப்ப அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? தெனமும் காத்தால துணி போட்டுத் தொடச்சு வெச்சுப்போட்டனுங்க." அந்தப் பையன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். நான் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு அவனை அழைத்துக்கொண்டு வந்தேன். வேறென்ன செய்ய.

தமிழ்த் துறையில் படித்த ஒரு பெண் ஊர்ப் பேச்சைப் பதிவு செய்ய ரெக்கார்டர் கொண்டுவந்தாள். அதை முன்னால் வைத்ததும் எல்லோரும் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசினார்கள். "எங்கள் ஊரில் விவசாயம் சிறப்பாக நடைபெற்று வருகிறது" என்றார் ஒருவர். அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் அவர் ஆட்டைப் பார்த்துக் கொங்குத் தமிழில் இருக்கிற அத்தனை வசவையும் வைதிருந்தார்.

பல்லடம் பக்கம் ஒரு கோழிப் பண்ணை. பொருளாதாரம் படிக்கிற பெண், கேள்விகள் முப்பது. பதினான்காவது கேள்வி, எத்தனை கோழி நோயில் செத்தது என்பது. பண்ணைக்காரர் பதில் சொல்லவில்லை. அவர் வேட்டியில் செம்மண் இருந்தது. பண்ணைக்குப் பின்னால் புதிதாக மூடிய குழி ஒன்று தெரிந்தது. அந்தப் பெண் அதைக் கவனிக்காமல் மறுபடியும் கேட்டாள். நான் ஃபார்மை அவள் கையிலிருந்து வாங்கி மடித்துவிட்டேன். "போதுமுங்க, வாரமுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். நான் மடித்த ஃபார்மை அவள் பஸ்ஸில் விரித்து விரித்துப் பார்த்தாள். அவளுடைய கைடு திட்டுவார் என்று பயம். கைடு என்றால் காலேஜில் அவர்களை மேய்க்கிற பேராசிரியர். அந்தப் பேராசிரியர் அம்மா திட்டவில்லையாம். காலியாக இருந்த இடங்களில் பென்சிலால் "பதில் இல்லை" என்று எழுதினாராம். அதுவும் ஒரு பதில்தான் என்று சொன்னாராம்.

இது எனக்குத் தெரிந்த பிறகுதான் அப்பாவின் ஃபார்மை எழுதினேன். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது.

ஷீபா என்று ஒரு பெண். கோயமுத்தூர் டவுன்காரி. காது, பேச்சு சம்பந்தப்பட்ட படிப்பு. தறிச் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் காது எப்படி இருக்கிறது என்று பார்க்க சோமனூருக்கு வந்தாள். அறுபது பேரிடம் கேள்வி கேட்க வேண்டும். பதிலைப் பார்த்து, காது மந்தம் என்று தெரிகிறவர்களுக்கு மட்டும் ஒரு நாள் மிஷின் வைத்துப் பரிசோதனை. அதிலும் மோசமாக இருந்தால் காதுக்கு மிஷின் வாங்க ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். இதுதான் திட்டம்.

என் அப்பா சோமனூரில் தறி ஓட்டியவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே.

முதல் இரண்டு நாள் தறிக் குடோனுக்குள்ளேயே போய்க் கேட்டோம். உங்களுக்குத் தெரியும், பதினாறு தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் வாய் அசைவதுதான் தெரியும். ஷீபா காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினாள். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். "ஆமாங்க, ஆமாங்க." பத்தொன்பது ஃபார்ம் முடிந்தது. எனக்குச் சந்தோஷம். ஷீபா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தாள்.

"ரேவதிக்கா, எல்லாத்துக்கும் ஆமான்னு இருக்குது."

"நல்லதுதானுங்களே."

"காதுக்குள்ள எரைச்சல் இருக்கான்னா ஆமா. காது சுத்தமா நல்லாருக்கான்னா அதுக்கும் ஆமா. பத்தொம்போது பேரும்."

மறுநாள் அதே குடோனுக்குப் போனோம். போய்ச் சேர்ந்த நேரம் கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றது. முதல் நாள் எங்களுக்கு நிறையப் பதில் சொன்ன ஒரு அண்ணன் நூல் அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார். ஷீபா ஃபைலை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, உங்களுக்கு மூணு காதுங்களா?"

"ஆமாங்க, ஆமாங்க. எல்லாரும் நல்லா இருக்கறமுங்க. காப்பி குடிக்கறீங்களா?"

அடுத்த தறியில் இருந்த அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு சிரிப்பு. "அவரு அப்புடித்தான் அம்மணி. ஒறம்பரைச் சனம் வந்து கேட்டாலும் ஆமாம்பாரு, போலீசு வந்து கேட்டாலும் ஆமாம்பாரு. போன வருசம் இப்புடித் தலையாட்டித்தான் அவுரு மச்சான் ஊட்டுக் கலியாணத்துக்குப் பந்தல் செலவ ஏத்துக்கிட்டாரு."

அண்ணனும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

ஷீபா பத்தொன்பது ஃபார்மையும் வெளியே வந்து கிழித்தாள். ரெண்டு நாள் நடந்த நடை.  "கொஞ்சம் திருத்திப்போட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டேன். அவள் கிழித்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டோம். தறி ஓடாத இடத்தில் ஆளைப் பிடிக்க வேண்டும். முதல் கேள்வியை அவர்களுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். திரும்பினால் ஒரு குறி, திரும்பாவிட்டால் ஒரு குறி. மற்றதை முன்னால் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கலாம். தறிக்காரர்கள் காதால் கேட்பதில்லை, நம் வாயைப் பார்த்துக் கேட்கிறார்கள். முன்னால் நின்று கேட்டால் எல்லோருக்கும் காது நன்றாகத்தான் இருக்கும்.

இப்படி ஒரு மாதம். ஐம்பத்தொன்பது பேர் முடிந்தது. அறுபதாவது ஆள் பாவு பிணைக்கிறவர், புது நூலைப் பழைய நூலோடு முடிந்து தறியில் ஏற்றுகிறவர். மொட்டை அடிக்கக் குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டார்.

"பரவால்லக்கா. சனிக்கெழம வந்து முடிச்சுக்கலாம்" என்றாள் ஷீபா.

"ஒரு ஃபார்முக்கு எதுக்குங்க ரெண்டு பஸ் மாறி வாரீங்க? எங்கூட்லயே ஒரு தறிக்காரர் இருக்கறாரு. நானே போட்டு வெச்சர்றேன்."

"சரி. ஆனா கேட்டுப் போடுங்கக்கா. பின்னால நின்னு."

"என்ற அப்பங்கிட்டயா? கேட்டுப்போடறேன் போங்க."

வீட்டுக்கு வந்தேன். அப்பா ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசில்லை. அம்மா சமையல்கட்டில் இருந்தாள். நான் அங்கேயே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஃபார்மை எடுத்தேன். வயது, தறியில் எத்தனை வருடம், எத்தனை தறி. தெரியும். போன் பேசினால் கேட்குமா. அப்பா போன் பேச மாட்டார், எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுவார். "கேட்கும்" என்று எழுதினேன். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புகிறாரா. "திரும்புகிறார்." ரோட்டில் பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்கிறதா. "கேட்கிறது." அம்மா கொடுத்த காப்பி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

பொய் எழுதுகிறோம் என்று நினைத்து எழுதவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்பாவை வாயால் கூப்பிடுவதில்லை. தோளைத் தொடுவோம். தூரத்தில் இருந்தால் அம்மா காலால் தரையைத் தட்டுவாள், அவர் திரும்புவார். சோறு என்றால் கையைக் குவித்துக் காட்டுவோம். டிவியில் படம் ஓடும்போது அவரும் எங்களோடு சிரிப்பார். எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தாரா படத்தைப் பார்த்துச் சிரித்தாரா என்று இருபது வருடமாக நான் யோசித்ததே இல்லை. நான் கூப்பிட்டால் அவர் திரும்புகிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வாயால் கூப்பிடுகிறேனா கையாலா என்று தெரியாது. வேறு வீடாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு ஒரு இடத்திலிருந்து ஜாதகம் வந்திருந்தது. காது கேட்காதவர்கள் பட்டியலில் அப்பா பெயர் இருந்தால் நாலு பேருக்குத் தெரியும். எழுதும்போது இது என் மனசின் ஓரத்தில் இருந்தது. எவ்வளவு என்று கேட்டால் தெரியாது. இருந்தது.

மிஷின் பரிசோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடத்தில் ஒரு ரூமை வாங்கி நடத்தினார்கள். பதினேழு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா பெயர் அதில் இல்லை. ஆனால் அப்பா வந்தார். எனக்கு மதியச் சோறு கொண்டுவந்தார். தூக்குப்போசியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். மூன்று காது அண்ணன் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்குவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. என்னைப் பார்த்துத் தன் காதில் கையை வைத்து, புருவத்தைத் தூக்கினார். என்ன அது என்று கேட்கிறார். நான் கையை விசிறிக் காட்டினேன். ஒன்றுமில்லை.

ஷீபா பார்த்துவிட்டாள். "அக்கா, மிஷின் சும்மாதான இருக்குது. அப்பாவையும் பாத்தரலாமா?"

"வேண்டாமுங்க. அவருக்கு நல்லாக் கேக்கும்."

அப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் அப்பா பால் வாங்கப் போனார். எங்கள் சந்துக்குள் தண்ணி லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள், டிரைவர்மேல் தப்பில்லை. அப்பா லாரிக்கு முதுகைக் காட்டி, பால் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கடைக்காரர் கத்தினார். குழாயடியில் இருந்த பெண்கள் கத்தினார்கள். நான் வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், ரெண்டு சந்து தள்ளி. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கடைக்காரர் அன்று முழுவதும் வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "அத்தன பேரு கத்துனமுங்க. மனுசன் திரும்பவே இல்லீங்களே." என்னிடமும் வந்து சொன்னார். "ஏன் கண்ணு, உங்கொப்பன் திரும்பவே இல்லியே."

நான் ஆமாங்க என்றேன்.

காரியம் முடிந்து நாலைந்து நாள் கழித்து ஷீபா வந்தாள். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புத்தகத்தைக் கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது என்று எனக்குத் தெரியும். அப்படியும் வந்தாள். எனக்கும் அவளுக்கும் டீ வைக்க எழுந்தேன். அவள் பின்னாலேயே சமையல்கட்டுக்கு வந்தாள்.

"அப்பாக்கு நல்லாக் கேக்கும்னீங்களேக்கா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

நீங்கள் இதை நன்றாகக் கவனியுங்கள். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருந்தாலும் அவள் நம்பியிருப்பாள். ஏதோ யோசனையாக இருந்திருப்பார் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஃபார்மை இனி யாரும் சரிபார்க்க முடியாது. கேட்க அப்பா இல்லை. சொன்னால் என் வேலை போகும். அவள் ஒருத்தியிடம் மட்டும் போகாது, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு என் நம்பரைக் கொடுத்துத்தான் ஆறு வருடம் ஓடியது.

அரிசி மூட்டை அதே இடத்தில்தான் இருந்தது. நான் சொன்னேன், "நாங் கேக்கவே இல்லீங்க. இங்க உக்காந்து நானா எழுதிப்போட்டேன்."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கியது. அவள்தான் அடுப்பை அணைத்தாள்.

"மத்த அம்பத்தொம்போது?"

"அதெல்லாம் கேட்டதுங்க. பாதிக்கு நீங்களும் கூட இருந்தீங்க."

"மீதிப் பாதி? எனக்கு எப்பிடித் தெரியும்?"

 அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் ஒரு ஃபார்மைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் கையில் இருந்த அத்தனையும் கெட்டுப் போயிருந்தது. ஒன்று பொய் என்றால் மற்றதை எதை வைத்து நம்புவது? நம்பாவிட்டால் புத்தகம் கொடுக்க முடியாது. இன்னும் ஆறு மாதம் போகும். நான் சத்தியம் செய்யலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டினாள், வேண்டாம் என்று.

சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவளும் சொல்லாமல் போனாள். வழக்கத்துக்காகவா கோபத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. டீ அப்படியே இருந்தது.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. நான்காம் நாள் தறி ஓட்டுகிற அந்த அக்கா, மூன்று காது அண்ணனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர், அம்மாவைப் பார்க்க வந்து என்னிடம் சொன்னார்.

"உன்ற டவுன் புள்ள தனியா வந்து சுத்துதுடி. நேத்து நாங் கக்கூசுக்குப் போயிட்டு வாரேன், பொறகால நின்னுட்டு எம் பேரச் சொல்லிக் கூப்புடுது. பேய்னு நெனச்சு சொம்பக் கீழ போட்டுப்போட்டேன்."

"எதுக்குன்னு சொல்லுச்சாக்கா?"

"கேட்டதையே திருப்பிக் கேக்குது. நெம்பப் படிச்சா இப்புடித்தேன் ஆகுமாட்ட."

அம்மா அன்றுதான், அப்பா போன பிறகு முதல் தடவையாக, லேசாகச் சிரித்தாள்.

நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அவள் யாரைக் கேட்கிறாள், என்ன சொல்கிறார்கள் என்று போய்ப் பார்க்கக் கை கால் பரபரத்தது. போனால் நான் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும். உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையில் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது அந்த ரெண்டு நாள்தான். வெயிலில் நடந்தது ஒன்றும் கஷ்டமில்லை.

அவள் வந்தாள். முகமெல்லாம் கறுத்திருந்தது. சோமனூரிலிருந்து பஸ் ஏற வேண்டியவள், திரும்பி எங்கள் வீடுவரை நடந்து வந்திருந்தாள். வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"நீங்க தனியாப் போட்ட ஃபார்ம்ல பத்து எடுத்தேன்க்கா. கண்ண மூடி எடுத்தேன். பத்துப் பேர்த்தையும் திரும்பக் கேட்டேன். ஒம்போது அப்பிடியே இருக்குது."

"ஒண்ணு?"

"கேக்கும்னு போட்டிருக்கீங்க. இப்பக் கேக்கல. அந்தம்மாவே சொன்னாங்க, தை மாசத்துலருந்துதான் இப்பிடின்னு. நீங்க அப்பப் போட்டது சரிதான்."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தாள்.

"அப்பா ஃபார்ம எடுத்தர்றேன்க்கா."

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். அப்படியும் எனக்கு என்னவோ போல் ஆனது. "எடுக்கோணுமுங்களா? திருத்தி எழுதிக்கலாமே. இப்பத்தான் கேக்காதுன்னு தெரிஞ்சுபோச்சே" என்றேன். அப்பா அந்தப் புத்தகத்தில் ஒரு ஓரத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"தெரியறது வேறக்கா. கேக்கறது வேற. அவருகிட்ட யாருமே கேக்கல."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். என் காதுக்கு நன்றாகவே கேட்டது.

அந்த ஃபார்மை அவள் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். கிழிக்கவில்லை. பத்தொன்பதைக் கிழித்தவள் இதைக் கிழிக்கவில்லை.

புத்தகத்தைக் கடைசி நாளில் கொடுத்துவிட்டாள். அதில் ஐம்பத்தொன்பது பேர்தான். கீழே ஒரு வரி இங்கிலீஷில் இருக்கிறது. அதைத் தமிழில் எனக்குச் சொன்னாள்: ஒரு படிவம் நீக்கப்பட்டது, பதிலளிக்க வேண்டியவரிடம் நேரில் கேட்கப்படாததால். அப்பாவைப் பற்றி அந்தப் புத்தகத்தில் இருப்பது இது மட்டும்தான். பெயர்கூட இல்லை. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் மற்ற எதையும் பெரிதாகக் கேட்காமல் அந்த வரியைத்தான் கேட்டாராம், ஏன் அறுபது இல்லை என்று. அவள் நடந்ததைச் சொன்னாளாம். பாஸ் போட்டுவிட்டார்கள்.

அவளிடம் ஒரு தடவை போனில் கேட்டேன். "அன்னிக்கு டெஸ்ட் பண்ணி மிஷின் வெச்சிருந்தா, லாரி சத்தம் கேட்டிருக்குமுங்களா?"

 "தெரியலக்கா" என்றாள்.

கேட்டிருக்காது, விடுங்கக்கா என்று சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் இன்னும் அவளிடம் பேசுகிறேன்.

என் வேலை போகவில்லை. அதற்குப் பிறகும் ரெண்டு பிள்ளைகளுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தாள். நான்தான் போக முடியாமல் நின்றுவிட்டேன். ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன், அங்கே ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் பனியன் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

இப்போது உங்களுக்கு முதல் வேலை. ஷீபாவுக்கு அடுத்த செட்டில் படிக்கிற பெண் வருகிறாள். தார் சுற்றுகிற, அதாவது தறி நாடாவில் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற பெண்களுக்குக் காது எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறாள். தறி ஓட்டுகிறவர்களை மட்டும் கேட்டது குறை என்று அந்த வாய்மொழித் தேர்விலேயே சொன்னார்களாம். நாற்பது பேர் பட்டியலை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எந்த நேரத்தில் போனால் தறி ஓடாது என்பதும் இருக்கிறது. தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்த வீடுகளுக்கு நீங்கள் ரெண்டு பேரும் மாறிப் போங்கள். சத்யாவின் சித்தியை நந்தினி கேட்கட்டும்.

முதல் பெயர் என் அம்மா.

நான் அன்று திருப்பூரில் இருப்பேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. காலையில் பத்து மணிக்கு மேல் போனால் உள் ரூமில் நிலையை ஒட்டி, வாசலுக்கு முதுகைக் காட்டித் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். சுற்றி முடித்து, தாரைச் சுழற்றுகிற சின்ன மோட்டாரை நிறுத்தும்வரை பொறுத்திருங்கள். உள்ளே போகாதீர்கள். தோளைத் தொடாதீர்கள். தரையைக் காலால் தட்டாதீர்கள், நிலைக் கதவில்கூடக் கை படக் கூடாது. ஒரு கை தூரத்தில் நின்று, "ஏனுங்க, சரசக்கா" என்று ஒரு தடவை கூப்பிடுங்கள். கூப்பிட்டுவிட்டுப் பொறுங்கள்.

திரும்பினால் திரும்பினாள் என்று எழுதுங்கள். திரும்பாவிட்டால் அதை எழுதுங்கள். எனக்குப் போன் செய்து கேட்க வேண்டாம். எனக்குத் தெரியாது.